பொங்கலுக்குப் பழவேற்காடு போறேன், போன்ல எந்த ஆப் நிஜமா உதவும்?

டோல்கேட்_நைட்ஷிப்ட்

எல்லாருக்கும் வணக்கம். மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டுல ஷிப்ட் வேலை எனக்கு. நைட் ஷிப்ட் முடிஞ்சு காலையில அஞ்சு மணிக்கு வெளிய விட்டா, வீட்டுக்குப் போகாம பைக்கைத் திருவொற்றியூர் கடற்கரைக்குத் திருப்பிடுவேன், போன்ல சூரிய உதயம் எடுக்க. ஒரு வருஷமா இதான் பொழுதுபோக்கு. கேமரா வாங்க இப்போதைக்கு வழியில்ல, போனுக்கே இன்னும் நாலு தவணை பாக்கி.

டிசம்பர்ல நடந்த கூத்தைச் சொல்லிட்டுக் கேள்விக்கு வரேன். சூரியன் எந்த இடத்துல உதிக்கும்னு காட்டற ஆப் ஒண்ணு போட்டேன். போனைத் தூக்கிப் பிடிச்சா வானத்துலயே கோடு போட்டுக் காட்டுது. தூண்டில் வளைவுல, அதான் கடலுக்குள்ள கல்லு கொட்டிக் கட்டின தடுப்புல, ரெண்டு பெரிய பாறைக்கு நடுவுல கரெக்டா வரும்னு காட்டிச்சு. இருட்டுல பாறை மேல ஏறி, முட்டியைத் தேச்சுக்கிட்டு, முக்கால் மணி நேரம் உட்கார்ந்தேன். சூரியன் வந்தது, ஆனா எனக்கு நல்லா வலது பக்கம். பக்கத்துத் தூண்டில் வளைவுல ரெண்டு பெரியவங்க காலைக்கடன் முடிச்சுக்கிட்டு இருந்தாங்க, சரியா அவங்க தலைக்குப் பின்னாடி எழுந்திருச்சு. அந்த போட்டோவை யாருக்கும் காட்ட முடியல.

இன்னொரு கூத்து, எடிட்டிங் ஆப். ஏழு நாள் இலவசம்னு இருந்தது. ரெண்டே நாள்ல பிடிக்காம அழிச்சுட்டேன். எட்டாவது நாள் அக்கவுன்ட்ல இருந்து 1,499 ரூபா போச்சு. வீட்ல அது கேஸ் சிலிண்டருக்கு வச்சிருந்த காசு. இன்னும் திட்டு வாங்கிக்கிட்டு இருக்கேன்.

பொங்கல் லீவுல பழவேற்காடு போலாம்னு இருக்கேன். சூரிய உதயம், பூநாரை, படகு எல்லாம் எடுக்கணும். ஆண்ட்ராய்டு போன், சுமாரான கேமரா. யூடியூப்ல ஒவ்வொருத்தரும் இருபது ஆப் சொல்றாங்க. நீங்க நிஜமா யூஸ் பண்றது எது? இலவசமா இருந்தா சந்தோஷம்.

எம்சிரோடு_பழைய_ஸ்டூடியோ

தம்பி, முதல்ல ஒண்ணு சொல்லுங்க. உங்க போன் கவர் எப்படி? பர்ஸ் மாதிரி மூடி, ஓரத்துல டப்புனு ஒட்டிக்கற கவரா?

டோல்கேட்_நைட்ஷிப்ட்

ஆமாண்ணே, அதேதான். வண்ணாரப்பேட்டையில பிளாட்பாரத்துல வாங்கினது. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

எம்சிரோடு_பழைய_ஸ்டூடியோ

அந்த ஓரத்துல இருக்கறது காந்தம். உங்க சூரியன் இடம் மாறினதுக்கு அதான் காரணமா இருக்கும்.

சூரியன் எங்க, எத்தனை மணிக்கு உதிக்கும்னு ஆப் போடற கணக்கு வானியல் கணக்கு, பிசகாது. ஆனா உங்க போன் இப்ப எந்தத் திசையைப் பார்க்குதுன்னு போனுக்குத் தெரியணும் இல்லையா? அதை உள்ள இருக்கற குட்டி காம்பஸ் சொல்லுது. பக்கத்துல காந்தம் இருந்தாலோ, பைக் டேங்க், இரும்புக் கம்பி, படகு எஞ்சின்னு எது இருந்தாலோ அது குழம்பிடும். இருபது டிகிரி தப்புன்னா கடற்கரையில உங்க பாறை எங்கயோ, சூரியன் எங்கயோ. கவரைக் கழட்டுங்க, பைக்கை விட்டுத் தள்ளி நில்லுங்க, போனைக் காத்துல எட்டு போடற மாதிரி நாலு தடவை சுத்துங்க. அப்புறமும் வானத்துல காட்டற கோட்டை நம்பாதீங்க. மேப் மேல கோடு காட்டற பக்கம் இருக்கும், அதைப் பாருங்க. அதுக்குக் காம்பஸே தேவையில்ல. நீங்க நிக்கற இடத்துல குண்டூசி வச்சா, உதயத்துக்கு ஒரு கோடு, அஸ்தமனத்துக்கு ஒரு கோடு ஓடும். அந்தக் கோடு எந்தக் கட்டடம், எந்தப் பாறை மேல போகுதுன்னு வீட்ல உட்கார்ந்தே பார்த்துக்கலாம்.

நான் எம்.சி. ரோடு பக்கம் 22 வருஷம் ஸ்டூடியோ நடத்தினவன். ஃபிலிம் காலத்துல காசிமேட்டுல உதயம் எடுக்கணும்னா மொத நாளே போய், சூரியன் வந்த இடத்துக்கு நேரா தரையில சாக்பீஸ்ல கோடு போட்டுட்டு வருவேன். மறுநாளும் கிட்டத்தட்ட அங்கதான் வரும். ஆனா மாசக்கணக்குல அது நகர்ந்துக்கிட்டே இருக்கும். டிசம்பர் கடைசியில நேர்க் கிழக்குல இருந்து 24 டிகிரி தெற்கே, அதாவது ஹார்பர் பக்கம். ஜூன்ல அதே அளவு வடக்கே, எண்ணூர் பக்கம். மொத்தம் 48 டிகிரி ஊஞ்சலாடுது. இது தெரியாம "காசிமேட்டுல சூரியன் இந்தப் படகோட மாஸ்டுக்கு, அதான் கம்பத்துக்கு, பின்னாடிதான் வரும்"னு யாராவது சொன்னா, எந்த மாசம்னு கேளுங்க.

இதுக்கு நான் வச்சிருக்கறது ஃபோட்டோபில்ஸ். ஒரே தடவை காசு, மாசா மாசம் பிடிக்காது. காசு வேணாம்னா சன்கால்க்னு ஒரு இணையதளம் இருக்கு. பிரவுசர்ல திறந்து, பழவேற்காட்டுல புள்ளி வச்சு, தேதி போட்டாப் போதும், கோடு வந்துடும். உங்க வேலைக்கு அது தாராளம்.

அப்புறம் உதயத்தை ஒட்டி வர்ற தங்க வெளிச்சத்துக்கு கோல்டன் அவர்னு, ஒரு மணி நேரம்னு சொல்றானுங்க பாருங்க, அது வெள்ளைக்காரன் ஊர்ல வச்ச பேரு. லண்டன்ல டிசம்பர்ல சூரியன் அடிவானத்துல இருந்து ஆறு டிகிரி ஏறவே கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகும், சாய்வா உருண்டு வரும். நம்ம ஊர்ல செங்குத்தா ஏறும், சுமாரா அரை மணி நேரத்துலயே ஆறு டிகிரி தாண்டிடும். பொங்கல் சமயத்துல உதயம் 6:35 வாக்குல. ஏழு மணிக்கு நீங்க டீ குடிச்சுக்கிட்டு இருந்தா, எல்லாம் முடிஞ்சு வெள்ளை வெயில்தான் மிச்சம். அதனால 5:50-க்கே நிக்கற இடத்துல இருக்கணும். சூரியன் வர்றதுக்கு முந்தின அந்த இருபது நிமிஷ வெளிச்சம்தான் எனக்கு சூரியனையே விடப் பிடிக்கும்.

நிலா எடுக்கற ஆசை இருந்தா இதையும் கேட்டுக்குங்க, எனக்கு இது ஒரு பைத்தியம். பௌர்ணமி அன்னிக்கு சூரியன் மறையற நேரத்துக்குத்தான் நிலா கடல்ல எழும்பும். ஒவ்வொரு நாளும் சுமாரா ஐம்பது நிமிஷம் தள்ளிப் போகும். பௌர்ணமிக்கு முந்தின நாள் போங்க. நிலா எழும்பும்போது இன்னும் பகல் வெளிச்சம் மிச்சம் இருக்கும், படகும் தெரியும், நிலாவும் வெள்ளை ஓட்டையா ஆகாது. பெரிசா தெரியணும்னா ஒரு கணக்கு இருக்கு: நிலா ஒரு பொருளோட அதே அளவுக்குத் தெரியணும்னா, அந்தப் பொருளோட உயரத்தைப் போல 110 மடங்கு தள்ளி நிக்கணும். பத்து மீட்டர் மாஸ்ட்னா 1,100 மீட்டர். அவ்வளவு தூரத்துல இருந்து எடுக்க நீள லென்ஸ் வேணும். உங்க போன்ல அஞ்சு மடங்கு ஜூம் இருந்தாக்கூட, ஃப்ரேம் அகலத்துல நிலா முப்பதுல ஒரு பங்குக்கு மேல வராது. அதனால போன்ல நிலாவை எடுக்காதீங்க, நிலா வெளிச்சம் தண்ணியில ஓடறதை எடுங்க. போனே சில சமயம் நிலாவுக்கு மேக்கப் போட்டு அனுப்பும், அது உங்க போட்டோ இல்ல.

போட்டோ எடுக்க ஓப்பன் கேமரா போட்டுக்குங்க. இலவசம், விளம்பரம் கிடையாது. வெளிச்சத்தை நீங்களே கூட்டிக் குறைக்கலாம், உங்க போன் ஒத்துழைச்சா ரா ஃபைலும், அதான் போன் மெருகேத்தாத மூலப் படமும், கொடுக்கும். எனக்கு அதுல ரொம்பப் பிடிச்சது அந்த மட்டக்கோடு. கடல் ஒரு பக்கம் சாஞ்சு தண்ணி வழியற மாதிரி போட்டோ பார்த்தா எனக்கு இன்னும் பிளட் பிரஷர் ஏறும்.

எவ்வளவு தூரம் வரைக்கும் படம் தெளிவா விழும்னு (டெப்த் ஆஃப் ஃபீல்டு) கணக்குப் போடற ஆப் எதுவும் வேணாம், பெரும்பாலான போன்ல அப்பர்ச்சரே, அதான் லென்ஸ் துளையே, மாறாது. வானத்தை மாத்தித் தர்ற ஆப்பைப் பத்தி நான் பேசவே மாட்டேன்.

எடிட்டிங்குக்கு ஸ்நாப்சீட். கூகுளோடது, முழுசா இலவசம், ரா ஃபைலும் திறக்கும். லைட்ரூம் நல்லதுதான், ஆனா அதுல பாதி வசதி சந்தாவுக்குப் பின்னாடி. சந்தான்னதும் ஞாபகம் வருது: ஆப்பை அழிச்சா சந்தா அழியாது தம்பி. ப்ளே ஸ்டோர்ல உங்க படத்தை அழுத்தி, பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் உள்ள போய் கேன்சல் பண்ணணும். இப்பவே போய்ப் பாருங்க, இல்லாட்டி அடுத்த வருஷமும் சிலிண்டர் காசு போகும்.

எர்ணாவூர்_டீச்சர்

ஸ்டூடியோ அண்ணா சொன்னதுக்கு மேல வெளிச்சத்தைப் பத்தி நான் சொல்ல ஒண்ணும் இல்லை. நான் போறது பறவைக்காக. அந்தப் பக்கம் மட்டும் சொல்றேன்.

பழவேற்காட்டுல பூநாரை வரும், சீசனும் இதுதான். ஆனா அது கிட்ட வரவே வராது. ஆழமில்லாத தண்ணியில, கரையில இருந்து ரொம்பத் தள்ளி நிக்கும். போன்ல எடுத்தா அடிவானத்துல ஒரு ரோஸ் கோடுதான். அதை ஏத்துக்கிட்டுப் போங்க, ஏமாற்றம் இருக்காது. நாரை, கொக்கு, ஆலா எல்லாம் பாலத்துப் பக்கமே கிடைக்கும். பேர் தெரிஞ்சுக்க மெர்லின்னு ஒரு ஆப், இலவசம். இந்தியப் பறவைகளுக்கான தொகுப்பை வீட்டு வைஃபையிலயே இறக்கிக்கங்க, அங்க சிக்னல் வரும் போகும். போன வாரம் யாரெல்லாம் எங்க என்ன பார்த்தாங்கன்னு தெரியணும்னா ஈபேர்ட். ரெண்டுமே அமெரிக்காவுல கார்னெல் பல்கலைக்கழகத்தோட பறவை ஆய்வகம் நடத்தறது.

கூகுள் மேப்ஸ்ல பொன்னேரியில இருந்து பழவேற்காடு வரைக்கும் ஆஃப்லைன் மேப் இறக்கி வச்சுக்கங்க. மின்சார ரயில்ல பொன்னேரி வரை போய் அங்கிருந்து பஸ் பிடிக்கலாம். ஆனா விடியறதுக்கு முன்னாடி பஸ்ஸை நம்ப முடியாது, பைக்தான் உங்களுக்கு வசதி.

படகுல கூட்டிட்டுப் போறேன்னு கூப்பிடுவாங்க. 2011 கிறிஸ்துமஸ் அன்னிக்கு அங்க படகு கவிழ்ந்து இருபது பேருக்கும் மேல இறந்து போனாங்க. தயவுசெஞ்சு கரையில இருந்தே எடுங்க. உங்க அம்மா மாதிரி சொல்றேன்னு வச்சுக்கங்க.

இன்னொண்ணு, நிறைய பேருக்குத் தெரியாதது. கேமரா ஆப்ல லொகேஷன் ஆன்ல இருந்தா, எடுத்த இடம் அந்த போட்டோவுக்குள்ளயே எழுதியிருக்கும். உங்களுக்கு அது உதவி, அடுத்த வருஷம் அதே இடத்துக்குப் போகலாம். ஆனா பறவைக்கூடு எடுத்தா அந்த ஃபைலை அப்படியே யாருக்கும் கொடுக்காதீங்க. வாட்ஸ்ஆப்ல சாதாரண போட்டோவா அனுப்பினா இடம் கழண்டுடும், ஆனா தரமும் போயிடும். டாக்குமென்ட்டா அனுப்பினா ரெண்டும் அப்படியே போகும். என் வகுப்புப் பையன் ஒருத்தன் ஆள்காட்டி கூடு ஒண்ணை டாக்குமென்ட்டா குரூப்ல போட்டு, மறுநாள் அங்க எட்டுப் பேர் நின்னாங்க.

பெரம்பூர்_லோகோ

இவ்வளவு ஆப் எதுக்குங்க. கண்ணு இருக்கு, சூரியன் இருக்கு. நான் ஆறு வருஷமா ஒரே ஆப்தான், போன்ல வந்த கேமரா. ஒரே இடத்துக்கு இருபது தடவை போனா எந்த ஆப்பும் வேணாம்.

ஆனா ஒண்ணு மட்டும் ஆப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன், ஒத்துக்கறேன். ஏப்ரல் 24 வாக்குலயும் ஆகஸ்ட் 18 வாக்குலயும் சென்னையில நட்டநடு மதியம் நிழல் காலடிக்குள்ள போயிடும். அன்னிக்கு மாடியில தண்ணி டிரம்மை வச்சு எடுத்தேன், நிழலே இல்லாம மிதக்கற மாதிரி வந்தது. போன் சூடாகித் தானா ஆஃப் ஆயிடுச்சு, அது வேற கதை.

காசிமேடு_வலைக்காரர்_மகன்

தலைவா டோல்கேட்டு, நம்ம பக்கத்து ஆளு. எல்லாரும் சூரியனைப் பத்தியே சொன்னாங்கோ. சூரியன் கரெக்டா வரும், போட்டு வராது. அதுக்கு எந்த ஆப்பும் கெடையாது.

நீ காசிமேட்டுக்கு எடுக்க வந்தின்னா ஞாயித்துக்கெழம வா, ரெண்டு மூணு மணிக்கே வா. ஏலம் அப்பதான் களை கட்டும். லைட்டு கம்மி, ஆனா ஐஸ் மேல பல்பு வெளிச்சம் பட்டு மீனு மினுமினுக்கும் பாரு, அது சோக்கா இருக்கும். ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு தடைக்காலம், விசைப்படகு எதுவும் போவாது. நெறைய பேரு அப்ப வந்து "என்னாபா ஒண்ணுமே இல்ல"ன்னு திரும்பிப் போவாங்கோ. அந்த நேரத்துலதான் அத்தினி போட்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்கும், மாஸ்ட்டு காடு மாதிரி. பெயின்ட் அடிப்பாங்கோ, வலை பின்னுவாங்கோ, ஆளுங்க முகத்துல அவசரம் இருக்காது. நான் எடுத்ததுல உருப்படியான படமெல்லாம் தடைக்காலத்துல எடுத்ததுதான்.

ஆப்னு கேட்டியே, நான் பாக்கறது விண்டி. அதுல மேகத்த மூணா பிரிச்சுக் காட்டும்: கீழ்மேகம், நடுமேகம், மேல்மேகம். கெழக்கால கடல் மேல கீழ்மேகம் இருந்தா சூரியன் வர்றதே தெரியாது, படுத்துத் தூங்கு. கீழ காலியா இருந்து மேல மட்டும் பஞ்சு மாதிரி இருந்தா ஓடி வா, வானம் பூரா கலரு அடிக்கும். அலை எவ்ளோ ஒசரம், எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னும் அதுலயே பாத்துக்கலாம். எங்கப்பா இது எதையும் பாக்க மாட்டாரு. வாசல்ல நின்னு மூஞ்சில காத்து வாங்கிட்டு "இன்னிக்கு வாடை, கடல் கலங்கும்"னுவாரு. நான் விண்டிய தொறந்து பாத்தா அதேதான் போட்டிருக்கும். இது வரைக்கும் அவரு ஜெயிச்சதுதான் ஜாஸ்தி.

தூண்டில் வளைவு மேல ஏறுறதா இருந்தா அலை ஏத்தம் எறக்கம் பாரு. நம்ம கடல்ல ஒரு மீட்டர் வாக்குலதான் ஏறி எறங்கும், ஆனா அந்த ஒரு மீட்டர்ல இருக்கற கல்லு பூராவும் பாசி. அமாவாசை பௌர்ணமி ஒட்டி ஏத்தமும் ஜாஸ்தி, எறக்கமும் ஜாஸ்தி. கருப்பா பளபளன்னு இருக்கற கல்லுல காலு வெக்காத, வெளுத்த கல்லுல வெய்யி. இடி மின்னல்னா தாமினின்னு கவர்மென்ட் ஆப் ஒண்ணு இருக்கு, கிட்டத்துல மின்னல் விழுந்தா சொல்லும். கடற்கரையில ட்ரைபாட் வெச்சிக்கினு நிக்கறவனுக்கு அது வேணும்.

கடைசியா ஒரு வார்த்த. எங்கம்மா ஏலத்துல குந்துறவங்க. மூஞ்சிக்கு நேரா போன நீட்டுனா அவங்களுக்குப் புடிக்காது. மொதல்ல மீனு வெல கேளு, பேச்சுக் குடு, அப்பால "ஒண்ணு எடுத்துக்கவாம்மா"ன்னு கேளு. எடுத்தன்னா அடுத்த வாரம் பிரின்ட் போட்டு கொண்டாந்து குடு. இருபது ரூபா பிரின்ட்டு. அதுக்கப்புறம் நீ எப்ப வந்தாலும் ஐஸ் பொட்டி மேல எடம் குடுப்பாங்கோ.

எம்சிரோடு_பழைய_ஸ்டூடியோ

வலைக்காரர் மகன் சொன்ன பிரின்ட் விஷயத்துக்கு ஒரு கும்பிடு. தம்பி, ஒரு சின்ன விஷயம் விட்டுப்போச்சு: கடற்கரையில பத்து நிமிஷம் நின்னாலே லென்ஸ் மேல உப்புப் படலம் வந்துடும், படம் எல்லாம் பால் ஊத்தின மாதிரி இருக்கும். காஞ்ச துணியில தேய்க்காதீங்க, உப்பு கீறும். துணியில ரெண்டு சொட்டு நல்ல தண்ணி விட்டு ஒத்தி எடுங்க. அப்புறம் எண்ணூர் வழியாத்தானே போவீங்க? துறைமுகம், அனல் மின் நிலையம் பக்கம் போட்டோ எடுக்கக் கூடாதுன்னு போர்டு இருக்கும். புகைபோக்கி அழகா இருக்குன்னு இறங்கி நின்னுடாதீங்க.

டோல்கேட்_நைட்ஷிப்ட்

போயிட்டு வந்தாச்சு. எல்லாருக்கும் நன்றி, விவரமாவே சொல்றேன்.

மாட்டுப் பொங்கல் அன்னிக்கு நாலு மணிக்குக் கிளம்பினேன். கவரைக் கழட்டி வீட்டுலயே வச்சுட்டேன். முந்தின நாள் சன்கால்க்ல கோடு பார்த்தேன், 112 டிகிரின்னு வந்தது (அதுல வடக்குல இருந்து எண்ணறாங்க, நேர்க் கிழக்கு 90). பாலத்துக்குக் கீழ நின்னா அந்தக் கோடு கட்டி வச்சிருந்த ரெண்டு நாட்டுப்படகு மேல போச்சு. 5:45-க்கு அங்க நின்னேன். விண்டியில மேல்மேகம் மட்டும்னு காட்டிச்சு. ஆறு மணிக்கு வானம் வெங்காயத்தோல் கலர்ல ஆரம்பிச்சது. சூரியன் முதல் படகோட மூக்குல இருந்து ஒரு கை அகலம் தள்ளி வந்தது, அந்த ஒரு கையையும் நான் நகர்ந்து சரி பண்ணிட்டேன். ஏழு மணிக்கு நிஜமாவே வெள்ளை வெயில், அண்ணே சொன்ன மாதிரி.

பூநாரை விஷயத்துல டீச்சர் சொன்னது அப்படியே நடந்தது. பத்து மடங்கு ஜூம்ல எடுத்தேன், தட்டுல கொட்டின ரோஸ் அரிசி மாதிரி இருக்கு. மெர்லின் மூணு பறவைக்குப் பேர் சொல்லிச்சு. அதுல ஒண்ணு நான் இத்தனை நாள் கொக்குன்னு நினைச்சது, நாரையாம்.

நல்ல படம்னு நான் நினைக்கிறது சூரியன் எதுவுமே இல்லாதது. இறால் பிரிச்சுக்கிட்டு இருந்த ஒரு பாட்டி. வெலை கேட்டேன், பேசினேன், கால் கிலோ வாங்கவும் வேண்டியதாப் போச்சு. அப்புறம் கேட்டுட்டு எடுத்தேன். பிரின்ட் போட்டு வச்சிருக்கேன், அடுத்த மாசம் போகும்போது கொடுக்கணும்.

1,499 திரும்பி வரல. கூகுள்ல 48 மணி நேரத்துக்குள்ள கேட்டிருக்கணுமாம், இப்ப ஆப் செஞ்சவங்களைத்தான் கேக்கணுமாம். மெயில் போட்டேன், பதில் இல்ல. சந்தாவைக் கேன்சல் பண்ணிட்டேன்.

இன்னொண்ணு. அந்தத் திருவொற்றியூர் பாறை இடுக்கு மனசை விட்டுப் போகவே இல்ல. மேப்ல கோட்டை வச்சுப் பார்த்தா அது சரியா 95 டிகிரி. தேதியை நகர்த்திக்கிட்டே போனேன். மார்ச் 8 வாக்குல சூரியன் அந்த நடுவுல வருது. ஷிப்ட் சார்ட் பார்த்தேன், அந்த வாரம் எனக்குக் காலை அஞ்சு மணி ஷிப்ட். மாத்திக்க ஒருத்தனைக் கேட்டிருக்கேன், பிரியாணி வாங்கித் தந்தா யோசிக்கிறேன்கிறான்.